கெண்டிக்கு எழுதிய தமிழ்ப் பக்கம்

என் அக்காவுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அதற்குக் காரணம், சீனக் களிமண் கெண்டி ஒன்றின் பெட்டிக்குள் வைப்பதற்காக நான் எழுதிக் கொடுத்த ஒரு துண்டுத் தாள். இந்த இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்து எழுத எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

நான் யாங்கோனில் பிறந்தவன். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அரசுப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேதியியல் சொல்லிக்கொடுத்தேன். மனைவி இறந்த பிறகு நகரின் லான்மடா பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் நான்காம் மாடியில் தனியாக இருக்கிறேன். கரும்பலகை முன்னால் நின்ற காலத்தில் நான் வாயைத் திறந்தால் ஐம்பது பேர் எழுதிக்கொள்வார்கள். ஓய்வு பெற்றபின் சந்தையில் "இந்தத் தக்காளி அழுகல்" என்று சொன்னால்கூட விற்பவள் ஒத்துக்கொள்வதில்லை. இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. அப்போது என் மனம் எந்த நிலையில் இருந்தது என்பது வாசிப்பவருக்குத் தெரிய வேண்டும்.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு தேயிலைக் கடை இருக்கிறது. கடைக்காரர் சீனர், என் பழைய மாணவர். தலை நரைத்துவிட்டது, இன்னும் என்னைப் பார்த்தால் எழுந்து நின்று, பர்மியர் ஆசிரியரை அழைக்கும் முறையில், "சயா" என்பார். தேயிலையோடு சீனாவிலிருந்து வந்த சிறிய களிமண் கெண்டிகளையும் விற்கிறார். செங்கல் நிறத்திலும் ஈரல் நிறத்திலும் இருக்கும். உள்ளங்கையில் அடங்கும். மெருகுப் பூச்சு எதுவும் இல்லாத வெறும் மண்.

கடை திறந்தவுடன் அவர் முதலில் செய்வது தனக்கு டீ போட்டுக்கொள்வதுதான். கெண்டிக்குள் கொதிநீர் விட்டுச் சுழற்றிக் கொட்டுவார். இலையைப் போடுவார். நீர் விட்டு மூடியபின் கெண்டியின் மேலும் கொதிநீரை ஊற்றுவார். நனைந்த மண் சில நொடிகளில் தானாகக் காய்ந்துவிடும். சிறிய கிண்ணத்தில் ஊற்றித் தருவார். பால் இல்லை, சீனி இல்லை. முதல் வாயில் கசக்கும். விழுங்கியபின் தொண்டையில் ஒரு தித்திப்பு நிற்கும். கண்டென்ஸ்டு மில்க் கரைத்த டீயிலேயே வளர்ந்த எனக்கு அதைப் புரிந்துகொள்ள ஒரு வாரம் ஆனது. பிறகு விட முடியவில்லை.

ஒருநாள் அவர் சலித்துக்கொண்டார். நாங்கள் பர்மிய மொழியில்தான் பேசிக்கொள்வோம்.

"வாங்கிட்டுப் போறாங்க சயா, ஒரு மாசத்துல திரும்பி வர்றாங்க. டீயில சோப்பு வாசனை அடிக்குதுன்னு சண்டை. சோப்பு போட்டா சோப்பு வாசனை அடிக்காம மல்லிகை வாசனையா அடிக்கும்?"

"சொல்லிக் கொடுத்து விக்கலாமே."

"சொல்றேன். வாசப்படி தாண்டுறதுக்குள்ள மறந்துடுறாங்க. பெட்டிக்குள்ள ஒரு தாள் வைக்கணும். நான் எழுதினா எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். என் நோட்டுல சிவப்பு மையை ஊத்தினவரே நீங்கதான்."

சிரித்தோம். எழுதித் தருகிறேன் என்றேன். அந்தச் சிரிப்பில் எவ்வளவு மகிழ்ச்சி இருந்தது என்பதை இன்று நினைத்தால் கூசுகிறது.

பர்மிய மொழியில் முதலில் எழுதியதில் தவறு எதுவும் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கெண்டியின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. இந்த மண்ணில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளைகள் உண்டு. தேநீரின் சாரம் அவற்றில் சிறிது சிறிதாகப் படியும். அதனால் ஒரு கெண்டிக்கு ஒரே வகைத் தேயிலைதான். இன்று ஒன்று நாளை ஒன்று என்று மாற்றினால் இரண்டும் கெடும். சுவர் தடிப்பாக இருப்பதால் சூடு நெடுநேரம் நிற்கும், இலை நன்றாக விரியும். பீங்கானில் போட்டால் நாக்கைப் பிடிக்கும் கசப்பு இதில் மழுங்கிவிடும். சோப்பு கூடாது, புளி கூடாது, சாம்பல் கூடாது. வெறும் வெந்நீர் விட்டுக் கவிழ்த்து வைத்தால் போதும். நாள் செல்லச் செல்ல வெளிப்புறம் தானே பளபளக்கும். இவை எல்லாம் உண்மை. எழுதி முடித்தபோது அரைப் பக்கம்தான் வந்தது.

அரைப் பக்கத்துக்குக் கீழே என் பெயரையும் பட்டத்தையும் போட எனக்கு மனம் வரவில்லை. வேதியியல் ஆசிரியர் எழுதினார் என்பதற்கு அதில் ஒரு அடையாளமும் இல்லை. எந்தத் தேயிலைக் கடைக்காரரும் சொல்லக்கூடியதுதான் அது. எனவே கடைக்காரர் கேட்காமலேயே உடல் நலம் பற்றி ஒரு பத்தி சேர்த்தேன். மண்ணில் இரும்பு உண்டு, வேறு தாதுக்களும் உண்டு. கொதிநீரில் அவை கரைந்து உடலுக்குப் போகும் என்று எழுதினேன்.

கடைக்காரர் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "இது உண்மையா, சயா? எங்கப்பா இப்படி எதுவும் சொன்னதில்லையே."

"உங்கப்பா வேதியியல் படிச்சாரா?"

"இல்லை."

"அப்புறம் என்ன?"

சூளையில் அவ்வளவு சூட்டில் சுட்ட மண் கொதிநீரில் எதையும் விடாது. இது பத்தாம் வகுப்புப் பாடம். நானே நடத்தியிருக்கிறேன். அவரும் என் வகுப்பில் உட்கார்ந்து எழுதியிருப்பார். ஆனால் சயா சொல்லிவிட்டார் என்று ஏற்றுக்கொண்டார். பர்மியப் பக்கத்தில் எனக்குக் கொஞ்சம் அச்சம் இருந்தது. படித்தவர்கள் படிப்பார்கள், மருத்துவர்கள்கூடப் படிப்பார்கள். அதனால் "நன்மை தரக்கூடும் எனச் சிலர் கருதுவர்" என்று வேலி போட்டுக்கொண்டேன்.

பிறகு, தாளின் பின்பக்கம் காலியாக இருக்கிறதே, அதில் தமிழில் எழுதித் தருகிறேன் என்றேன்.

"தமிழா? யார் சயா படிப்பாங்க? உங்க ஆளுங்க என் கடைக்கு வர்றதே குறைவு. வர்ற பிள்ளைங்களும் பர்மிய மொழியில இல்ல பேசுது?"

"இருக்கட்டும். அழகா இருக்கும்."

எங்கள் தலைமுறையில் தமிழை முறையாகக் கற்றவர்கள் சிலரே. தமிழ்ப் பள்ளிகள் மூடப்பட்ட பிறகு கோயிலின் பின்கட்டில் மாலை வகுப்பில் படித்தேன். நல்ல தமிழ் எழுதுவேன் என்று எனக்கு ஒரு கர்வம். அதைக் காட்ட இந்த ஊரில் இடம் கிடைத்ததில்லை. கல்யாணப் பத்திரிகை, இரங்கல் அறிவிப்பு, இவ்வளவுதான். இப்போது அச்சில் ஒரு முழுப் பக்கம் கிடைத்தது. யாரும் படிக்கப் போவதில்லை என்பதால் அச்சமும் இல்லை. வேலிகளை எல்லாம் எடுத்துவிட்டேன். அந்த வரிகள் எனக்கு மனப்பாடம்: "இம்மண்ணில் உறைந்துள்ள தாதுக்கள் கொதிநீரில் மெல்லக் கரைந்து குருதியிற் கலந்து நீரிழிவைத் தணிக்கும், நாள்தோறும் பருகுவோர்க்கு மாத்திரையின் தேவை படிப்படியாகக் குறையும்." கீழே என் பெயர், பட்டம், ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர்.

எழுதி முடித்ததும் இரண்டு முறை உரக்கப் படித்துப் பார்த்தேன். ஓசை நன்றாக இருந்தது. அந்த ஓசைக்காகத்தான் எழுதினேன் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் அதுதான் உண்மை.

தாள் அச்சாகி வந்ததும் கடைக்காரர் எனக்கு இரண்டு கெண்டிகளைப் பரிசாகக் கொடுத்தார். ஒன்றை நான் வைத்துக்கொண்டேன். மற்றதைத் தாமுவே பகுதியில் இருக்கும் என் அக்காவுக்குக் கொண்டு போனேன்.

அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள். கணவர் ரயில்வேயில் வேலை பார்த்துப் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. சந்தைக்குப் பின்னால் தரைத்தளத்தில் ஒரு அறையும் ஒரு சமையல் மூலையும். பத்துப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை நோய், மாத்திரைதான். பர்மிய எழுத்து அவளுக்குச் சரியாக ஓடாது. தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பாள். அந்த எழுத்தையும் நான்தான், மாலை வகுப்பிலிருந்து வந்து, அவள் அரிசி களையும்போது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன்.

கெண்டியைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தாள்.

"இதென்னடா, பிள்ளைங்க சொப்பு மாதிரி? ஒரு ஆளுக்கே பத்தாதே."

"கொஞ்சம் கொஞ்சமாக் குடிக்கணும்க்கா."

"சீனாக்காரனுக்கு வேற வேலை இல்ல. உனக்கும் இல்ல."

பிறகு தாளைப் பார்த்தாள். அதைப் பார்க்க வேண்டும் என்றுதான் நானும் காத்திருந்தேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு அடியிலிருந்து படித்தாள். என் பெயர்.

"அச்சுல போட்டிருக்கான்டா. பீயெஸ்ஸின்னு வேற." விரலால் அந்த இடத்தைத் தடவினாள். "இதெல்லாம் நீயா எழுதினே?"

"ஆமா."

"யோசிச்சுத்தான் எழுதினியா?"

"யோசிக்காம எழுதுவாங்களா?"

அவள் மற்றதை நான் போன பிறகு படித்திருக்கிறாள். மூன்று நாள் பிடித்ததாம், கூட்டிக் கூட்டிப் படித்து முடிக்க.

அதன்பின் நடந்ததை அவள் என்னிடம் சொல்லவில்லை. நல்லபடி முடிந்தபின் சொல்லலாம் என்று வைத்திருந்தாள். முதலில் கண்டென்ஸ்டு மில்க்கை நிறுத்தினாள். பத்து வருடமாக நான் கெஞ்சியும் விடாத அந்தப் பால் டீயை ஒரே நாளில் விட்டாள், கெண்டி டீதான் இனி என்று. ஒரு நாளைக்கு நான்கு தடவை. ஒரு மாதம் கழித்து இரத்தம் பார்த்தபோது சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. இறங்காமல் என்ன செய்யும்? தினமும் மூன்று குவளை இனிப்புப் பால் நின்றுபோனதல்லவா! அவளோ தாளைத்தான் நினைத்தாள். மாத்திரையைப் பாதியாக்கினாள். படிப்படியாக என்று எழுதியிருந்தேனே, அதன்படி. அது மருந்து கிடைக்காத காலம். கடை கடையாக அலைந்தாலும் போன மாதம் வாங்கிய மாத்திரை இந்த மாதம் இருக்காது. ஒரு கட்டத்தில் முழுவதுமாக நிறுத்திவிட்டு, மிச்சம் இருந்த அட்டைகளைப் பக்கத்து வீட்டு அம்மாவுக்குக் கொடுத்துவிட்டாள்.

நான் ஞாயிறுதோறும் போவேன். அக்கா டீ போட்டுக் கொடுப்பாள். என்னைவிட நன்றாகப் போட்டாள்; கெண்டியின் பக்குவம் அவள் கைக்கு வந்துவிட்டது. மூடியின் மேல் ஒரு விரலை வைத்து, கடைசிச் சொட்டு வரை வடித்து, சிந்தாமல் கிண்ணத்தில் ஊற்றுவாள். கெண்டி நல்ல நிறம் ஏறியிருந்தது. "வாத்தியார் சொன்னபடி செஞ்சேன்ல?" என்பாள். மனம் குளிரும். ஒருநாள் சன்னல் ஓரத்தில் மாத்திரை டப்பாவைக் காணவில்லை.

"மாத்திரை எங்கக்கா?"

"பக்கத்து வீட்டம்மாவுக்குக் கிடைக்கலியாம். கொடுத்தேன்."

"உனக்கு?"

"எனக்கு இருக்கு, நீ குடி."

நான் குடித்தேன். இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அவள் பொய் சொல்லத் தெரியாதவள், இரண்டாவது கேள்வியில் சிரித்துக் காட்டிக்கொடுத்துவிடுவாள். கேட்கவில்லை. டீ நன்றாக இருந்தது.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிறு போனபோது அக்கா காலில் காலுறை போட்டிருந்தாள். குளிரா என்று கேட்டேன், ஆமாம் என்றாள். அடுத்த ஞாயிறும் அதே காலுறை. அறைக்குள் ஒரு நாற்றம். அலமாரிக்குப் பின்னால் எலி செத்திருக்கும் என்று சொல்லி, கைவிளக்கை வாங்கிக் குனிந்து தேடினேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து நான் தேடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "தம்பி, எலி இல்லடா" என்றாள்.

கெண்டியின் மேல் கொதிநீர் ஊற்ற வேண்டும் என்று தாளில் இருந்தது. கீழே அகலத் தட்டு வைக்கச் சொல்லவில்லை, எனக்குத் தோன்றவில்லை. அவள் பலகையின் ஓரத்தில் வைத்து ஊற்றியிருக்கிறாள். நீர் வழிந்து பாதத்தின் மேல் விழுந்திருக்கிறது. சர்க்கரை ஏறி நரம்பு செத்திருந்ததால் சுட்டது அவளுக்குத் தெரியவே இல்லை. சாயங்காலம் விளக்கு வைக்கும்போதுதான் தோல் உரிந்திருப்பதைப் பார்த்தாளாம். மஞ்சள் பூசினாள். காலுறை போட்டு மறைத்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர், பெண், பார்த்தார். காலைப் பார்த்தவர் என்னைப் பார்த்தார்.

"என்ன மாத்திரை எடுக்கிறாங்க, அங்கிள்?"

நான் பதில் சொல்வதற்குள் அக்கா தன் உடைந்த பர்மிய மொழியில் சொன்னாள்: "மாத்திரை நிறுத்தி ஆறு மாசமாச்சு, டாக்டரம்மா. டீதான்."

"என்ன டீ? யார் சொன்னாங்க?"

அக்கா என்னைப் பார்த்தாள். சொல்லவா என்று கேட்கிற பார்வை. பெருமையாகச் சொல்லலாமா, அல்லது இந்த இடத்தில் சொன்னால் தம்பிக்குக் கெட்ட பெயரா என்று அவளுக்குத் தெரியவில்லை. நான் சுவரில் இருந்த கண் பரிசோதனை அட்டையைப் பார்த்துக்கொண்டு, "வயசானவங்க, யாரோ ஏதோ சொல்லியிருப்பாங்க" என்றேன்.

டாக்டர் பெருமூச்சு விட்டார். "இப்படித்தான் அங்கிள், யாராவது எதையாவது கிளப்பி விட்டுடறாங்க. படிச்சவங்க பக்கத்துல இருந்து பாத்துக்கணும்."

நான் தலையாட்டினேன்.

இரண்டு நாளில் காலை எடுத்தார்கள்.

மயக்கம் தெளிந்து ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, வார்டில் மின்சாரம் போய் எல்லாரும் அட்டையால் விசிறிக்கொண்டிருந்த ஒரு மதியத்தில், அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள். குனியச் சொன்னாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். திட்டக்கூடாது."

"சொல்லுக்கா."

"பொங்கலுக்கு முந்தின நாள் வீட்டுப் பாத்திரம் பூரா எடுத்துப் போட்டுத் தேய்ச்சேன் இல்ல... புளி, சாம்பல் வச்சு... கைப்பழக்கத்துல அதையும் தேய்ச்சுட்டேன்டா. பாதி தேய்ச்ச பிறகுதான் ஞாபகம் வந்துச்சு. கழுவி வச்சுட்டேன். நீ எழுதியிருந்தே, புளி கூடாது, சாம்பல் கூடாதுன்னு. அத்தனை தடவை படிச்சேன். அப்புறம் பாரு, அதோட சக்தியே போயிடுச்சு. அதுக்கப்புறம்தான் எனக்கு உடம்பு படுத்த ஆரம்பிச்சுது."

நான் கையிலிருந்த அட்டையால் அவளுக்கு விசிறினேன்.

"எத்தனை நல்லா எழுதிக் கொடுத்தே. நான் கெடுத்துட்டேன். காலும் போச்சு, உன் பேரும் போச்சு. கோவமா?"

அவள் கண்ணில் நீர் இருந்தது. காலுக்காக அவள் அழுது நான் பார்க்கவில்லை. அன்று அழுதாள், என் தாளைப் பொய்யாக்கிவிட்டோமே என்று.

நான் செய்த எல்லாவற்றையும்விட மோசமானதை அப்போதுதான் செய்தேன். அவள் தலையைத் தடவி, "பரவாயில்லக்கா, விடு. தெரியாமத்தானே செஞ்சே" என்றேன்.

அவளை மன்னித்தேன். அவளுக்கு நிம்மதியாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்துக் கட்டில்காரி கொடுத்த ஆரஞ்சை உரித்துப் பாதியை எனக்குத் தந்தாள். நான் தின்றேன்.

வீட்டுக்கு வந்தபின் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. கட்டைகளை ஊன்றி நடக்கப் பழகினாள். மாத்திரை நான்தான் தேடி வாங்கிக் கொடுத்தேன். நான் எதிரில் நின்றால் போட்டுக்கொள்வாள். சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் பஸ் ஏறுவேன். சொல்லாமல் திரும்புவேன். இப்போதுதான் தேறியிருக்கிறாள், இதைச் சொல்லி எதற்கு உடைப்பது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொள்வேன். காரணம் கண்டுபிடிக்கப் படிப்பு நன்றாக உதவுகிறது.

மழைக்காலம் வந்தபோது அக்கா சொன்னாள்: "தம்பி, அந்தக் கடையில இன்னொரு கெண்டி கேட்டு வாங்கிட்டு வாயேன். இது கெட்டுப்போச்சு. புதுசுல மொதல்லேருந்து சரியா ஆரம்பிக்கிறேன். இந்தத் தடவை கைப்பழக்கம் வராம பாத்துக்கிறேன். அது பக்குவத்துக்கு வந்ததும் இந்த மாத்திரையை விட்டுடலாம். நெஞ்சைக் கரிக்குதுடா."

அவளுக்கு இன்னும் ஒரு கால் இருக்கிறது. அன்று நேராகத் தேயிலைக் கடைக்குப் போனேன். அந்தத் தாளை இனிப் பெட்டிக்குள் வைக்க வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொன்னேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். முழுவதும் சொன்னேன், அவர்தான் முதல் ஆள்.

அவர் வெகுநேரம் கெண்டியின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

"அந்த உடம்புப் பத்தியை நான் அப்பவே எடுத்துட்டேன், சயா. ரெண்டாம் தடவை அச்சடிச்சப்போ. தமிழ்ப் பக்கமும் போடலை. மனசுக்குச் சரியாப் படலை. உங்ககிட்டச் சொன்னா வருத்தப்படுவீங்கன்னு சொல்லலை."

"எத்தனை பேர் தமிழ்ப் பக்கத்தைக் கேட்டாங்க?"

"ஒருத்தரும் கேட்டதில்லை, சயா."

ஆக, எனக்குத் தெரிந்தவரை அந்தப் பக்கத்துக்கு ஒரே ஒரு வாசகிதான்.

மறுநாளே தாமுவேக்குப் போனேன். ஞாயிறு இல்லையே என்று அக்கா ஆச்சரியப்பட்டாள். உட்காரச் சொன்னாள். உட்காராமலே சொன்னேன்.

"அக்கா, அந்தத் தாள்ல எழுதினது பொய். மண்ணுலேருந்து டீயில எதுவும் இறங்காது. சர்க்கரைக்கும் கெண்டிக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. நீ புளி போட்டுத் தேய்ச்சதால ஒண்ணும் ஆகல. டீ ருசி கொஞ்சம் மாறியிருக்கும், அவ்வளவுதான். உன் கால் போனது என்னால."

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"ஏன்டா, என்னைத் தேத்துறியா?"

"தேத்தலக்கா. உண்மை."

"ஒன்றரை வருஷமா இல்லாத உண்மை இன்னைக்கு எங்கேருந்துடா வந்துச்சு? நான் மனசு கஷ்டப்படுறேன்னு உனக்குத் தெரியும். அதான் பழியை நீ எடுத்துக்கப் பாக்குறே. சின்னப் பிள்ளையில நீ இப்படி இல்லடா. கண்ணாடி உடைஞ்சா அக்காதான் உடைச்சான்னு ஓடுவே."

"அக்கா, நான் வேதியியல் படிச்சவன். சொல்றேன் கேளு. அது பால் டீயை நீ விட்டதால இறங்கின சர்க்கரை."

"படிச்சுத்தானே எழுதினே? யோசிச்சு எழுதினியான்னு அன்னைக்கே கேட்டேன். ஆமான்னே. இன்னைக்கு என் மூஞ்சியைப் பாத்துட்டு மாத்திச் சொல்றே. எழுதினது நெசமா, பேசுறது நெசமா?"

சாமி படங்களுக்குப் பக்கத்திலிருந்து அந்தத் தாளை எடுத்தாள். பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தாள். அதைப் பிடுங்கிக் கிழிக்கப் போனேன். உறை கிழியவில்லை. "டேய், டேய், உன் பேரு இருக்குடா அதுல" என்று கட்டையை விட்டுவிட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். விழப் பார்த்தாள். நான் தாளை விட்டுவிட்டு அவளைப் பிடித்தேன்.

அதன்பின் மூன்று முறை சொல்லிப் பார்த்தேன். பள்ளியில் போல வரைந்து காட்டினேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் அந்த இளம் டாக்டரிடம், எழுதியவன் நான்தான் என்று அவள் முன்னாலேயே சொன்னேன். டாக்டர் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை. அக்கா திரும்பி வரும்போது சைக்கா என்கிற மிதிரிக்‌ஷாவில் என் முழங்கையைக் கிள்ளினாள். "ஊரான் முன்னாடி உன்னையே இப்படிக் கேவலப்படுத்திக்கணுமா? எனக்காக?"

கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். புதுக் கெண்டி வாங்கித் தருகிறேன், அவள் மாத்திரையை நிறுத்தக் கூடாது. தம்பி ஆசைப்படுகிறான் என்பதற்காக ஒத்துக்கொண்டாள். இப்போது தினமும் காலையில் லான்மடாவிலிருந்து பஸ் ஏறிப் போகிறேன். எதிரில் உட்கார்ந்து அவள் விழுங்குவதைப் பார்க்கிறேன், நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்கிறேன். எனக்கு ஒரு உபகாரம் செய்கிற முகத்தோடு காட்டுகிறாள். பிறகு டீ போடுகிறாள். கீழே அகலமான அலுமினியத் தட்டு வைத்திருக்கிறோம். கொதிநீரை நான் ஊற்றுகிறேன்.

சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. போன மாதம் இரத்தம் பார்த்த காகிதத்தை அவளே வாங்கி உறைக்குள் வைத்துக்கொண்டாள், என் தாளோடு சேர்த்து. நேற்றுக் காலை நான் போனபோது வாசலில் மூன்று பெண்கள் நின்றிருந்தார்கள். ஒருத்தி பக்கத்து வீட்டு அம்மா. மற்ற இருவரும் சந்தையில் காய்கறி விற்கிறவர்கள், தமிழர்கள்.

"வாத்தியாரய்யா, அந்தக் கெண்டி எங்க கிடைக்கும்? எங்களுக்கும் சர்க்கரைதான். அக்கா எல்லாம் சொன்னாங்க."

"கெண்டியால ஒண்ணும் இல்லம்மா. அவ குணமானது மாத்திரையால. அந்தத் தாள்ல இருக்கிறது பொய். பொய்யை எழுதினவன் நான். மாத்திரையை நிறுத்தாதீங்க."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அறைக்குள்ளிருந்து அக்காவின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"அவன் எப்பவும் அப்படித்தான்டி. தன்னைத் தானே பெருமை பேசிக்க மாட்டான். உள்ள வாங்க, நான் காட்டுறேன்."

மூவரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். நான் அவர்களுக்குப் பின்னால் போய், ஒவ்வொருத்தி முகத்தையும் பார்த்து மறுபடி முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.